திறக்கும் கூரையா, மூடிய கூரையா? – கார் கேள்வி பதில்

இந்த இதழில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி பெங்களூரு வாசகர்கள் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: வணக்கம். ரொம்ப நாள் ஆசை இப்போதுதான் கைகூடுகிறது. பழைய போர்ஷே 718 வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். ஒரே வருடத்து கேமன் கூபே (மூடிய கூரை) ஒன்றும் பாக்ஸ்டர் கன்வர்டிபிள் (திறக்கும் துணிக்கூரை) ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2 லிட்டர், கிட்டத்தட்ட ஒரே கிலோமீட்டர். வாரத்தில் இரண்டு நாள் எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஆபீஸ் போவேன். ஞாயிறு காலை நந்தி மலை அல்லது ஏலகிரி. வீட்டு வாசலில் தகர ஷெட் இருக்கிறது. நண்பர்கள் எல்லாரும் கூபேதான் அசல் ஸ்போர்ட்ஸ் கார், கன்வர்டிபிள் வெறும் பகட்டு என்கிறார்கள். எதை எடுக்கலாம்?
– வாசகர், அல்சூர்

பதில்: நண்பர்கள் சொல்வது பல கார்களுக்குப் பொருந்தும், இந்த ஜோடிக்குப் பொருந்தாது. கூரையும் சேர்ந்து பாரம் தாங்கும்படி வடிவமைத்த காரில் கூரையை எடுத்துவிட்டால் பாடி முறுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க அடியிலும் கதவுக்குக் கீழுள்ள சட்டத்திலும் கூடுதல் இரும்பு சேர்ப்பார்கள், எடை ஏறும். போர்ஷே 911-ல் 992 தலைமுறை கரேரா கூபேயைவிட கேப்ரியோலே (கன்வர்டிபிள்) 70 கிலோ அதிகம். பாக்ஸ்டரின் பிறப்பு வேறு. 1996-ல் திறந்த காராகவே வடிவமைத்து விற்பனைக்கு வந்தது அது. அதே அடித்தளத்தில் கூரை வைத்த கேமன் 2005-ல்தான் வந்தது. 718-ன் 2 லிட்டர் மேனுவலில் இரண்டுக்கும் கம்பெனி சொல்லும் எடை ஒன்றே, 1,335 கிலோ. எஞ்சினும் அதே 300 பி.எஸ். (குதிரைத்திறன்) டர்போ. முந்தைய 981 தலைமுறையில் கேமனுக்கு 10 பி.எஸ். கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள், 718-ல் அந்த வித்தியாசமும் போய்விட்டது. பாடியின் விறைப்பில் கேமன் இன்னும் ஒரு படி மேல்தான். ரேஸ் டிராக்கில் டயர் கதறக் கதற ஓட்டுகிறவருக்கு அது தெரியும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்குத் தெரியாது.

தெரியக்கூடிய வித்தியாசம் டிக்கியில் இருக்கிறது. இரண்டுக்கும் எஞ்சின் நடுவில் இருப்பதால் முன்னால் 150 லிட்டர் பெட்டி ஒன்று உண்டு. பின்னால் பாக்ஸ்டருக்கு 125 லிட்டர்தான், ஒரு சின்ன பெட்டியும் ஒரு பையும் போகும். கேமனில் பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு மேலே தூக்கும், 275 லிட்டர் வரை வைக்கலாம். இரண்டு பேர் சேலம் வரை போய் மூன்று நாள் தங்கி, திரும்பும்போது மாம்பழப் பெட்டியோடு வருவதென்றால் கேமனே வசதி. ஓசூர் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஊர்ந்து போகும்போது கேமனுக்குள் சத்தம் குறைவு. பாக்ஸ்டரின் துணிக்கூரை பல அடுக்கு கொண்டது, மோசமில்லை. ஆனாலும் பக்கத்தில் பஸ்காரர் ஹாரன் அடித்தால் காதில்தான் விழும்.

இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்தாலும் எங்கள் பார்வையில் இந்த ஊரில் கூபேயா கன்வர்டிபிளா என்பதைத் தீர்மானிப்பது வண்டி நிற்கும் இடம்தான். ஓடும் நேரம் சொற்பம், மீதி நேரமெல்லாம் நிற்கிறது. மரத்தடியில், திறந்த வெளியில் நிற்கும் துணிக்கூரையை வெயிலும் இலையும் பறவை எச்சமும் சேர்ந்து சீக்கிரம் தின்றுவிடும். உங்களுக்கு ஷெட் இருக்கிறது. ஆசையின் மையமும் ஞாயிறு காலைதான். அதனால் பாக்ஸ்டரை எடுங்கள். ஆபீஸ் நாட்களில் சில்க் போர்டு சந்திப்பின் புழுதியில் கூரையைத் திறக்கவே மாட்டீர்கள், அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். கோடை மழை திடீரென்று பிடித்துக்கொண்டாலும் 50 கி.மீ. வேகத்துக்குள் ஓடிக்கொண்டே 9 விநாடியில் மூடிவிடலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஷெட்டின் தகரம் ஒழுகக் கூடாது. தகரத்திலிருந்து சொட்டும் துருத் தண்ணீர் துணியில் போடும் பழுப்புக் கறை எந்த ஷாம்பூவுக்கும் போகாது.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்டில் கீழ்த்தள பார்க்கிங் முழுதும் நிரம்பிவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது காம்பவுண்டு ஓரம், தூங்குமூஞ்சி மரத்தின் கீழ். நான், கணவர், ஆறு வயது மகள். மெர்சிடிஸ் சி.எல்.இ. கேப்ரியோலே எடுக்க அவருக்கு ஆசை. நான் கூபே போதும் என்கிறேன். தீர்ப்பு சொல்லுங்கள்.
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, அதற்கு முதல் காரணம் அந்த மரம். தூங்குமூஞ்சியின் சின்னச் சின்ன இலைகள் துணிக்கூரைக்கும் பாடிக்கும் நடுவே உள்ள வாய்க்காலில் போய்ப் படிந்து, மழை பெய்ததும் களியாகிவிடும். பிசுபிசுப்பும் சொட்டும். ஏப்ரல், மே மாதக் காற்று மழையில் கிளை முறிவதும் இங்கே சாதாரணம். மேலே கவர் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். தினமும் கழற்றி மாட்டும் கவரில் ஒட்டிய மணல், துணியை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

குழந்தை விஷயத்தையும் கணவரிடம் சொல்லுங்கள். சி.எல்.இ.-யில் நான்கு சீட் உண்டு, பின்னால் குழந்தை சீட் பொருத்தலாம். கூரை திறந்து ஓடும்போது முன்கண்ணாடியைத் தாண்டிய காற்று பின் சீட்டில்தான் சுழன்று அடிக்கும். அதைத் தடுக்க வலைத் தடுப்பைப் பின் சீட்டுக்கு மேல் மாட்டலாம். ஆனால் மாட்டினால் பின்னால் யாரும் உட்கார முடியாது. முன்கண்ணாடி விளிம்பில் பொத்தானை அழுத்தினால் எழும்பும் காற்றுத் தடுப்பு இந்த வண்டியில் இருக்கிறது, அது ஓரளவு உதவும். ஆனால் மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் 100 கி.மீ. வேகத்தில் ஆறு வயதுக் குழந்தைக்கு அது போதாது. கூரை மூடியிருந்தால் 385 லிட்டராக இருக்கும் டிக்கி, திறந்தால் 295 லிட்டராகச் சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கீழ்த்தளத்தில் இடம் கிடைக்கும் வரை காத்திருக்க அவர் தயாரென்றால் பேச்சு வேறு. 20 விநாடியில், 60 கி.மீ. வேகம் வரை திறந்து மூடும் நல்ல கூரை அது. அந்த மரத்தடியில் நிறுத்தி அதை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் 2005 பி.எம்.டபிள்யூ இசட்4, துணிக்கூரை. போன செப்டம்பர் மழைக்குப் பிறகு கூரை பாதியில் நிற்கிறது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில் ஈரம், உள்ளே பூஞ்சை வாடை. ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றினால் சரியாகிவிடுமா?
– வாசகர், ஜெயநகர்

பதில்: மோட்டாரை மட்டும் மாற்றினால் அடுத்த மழையில் புது மோட்டாரும் போகும். இந்த இ85 மாடலின் பெயர்பெற்ற பலவீனம் இது. கூரையை இயக்கும் ஹைட்ராலிக் மோட்டாரை, கூரை மடிந்து உட்காரும் குழியின் இடது மூலையில், மழைநீர் வடியும் ஓட்டைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். ஓட்டை அடைத்தால் தண்ணீர் தேங்கும், மோட்டார் மூழ்கும், உள்ளே துரு ஏறிச் சிக்கிக்கொள்ளும். நிரம்பி வழிந்த தண்ணீர் கார்ப்பெட்டுக்குப் போகும். அந்த சீட்டின் அடியில் இருக்கும் ஈரம் அப்படித்தான் வந்திருக்கும். மோட்டாரை எடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் துருவைச் சுத்தம் செய்து, பேரிங் மாற்றி ஓட வைத்துவிடலாம். மாற்றினாலும் சரி, பழுது பார்த்தாலும் சரி, அதை டிக்கிப் பக்கம் இடம் மாற்றி வைக்கத் தெரிந்த கைகளிடம் கொடுங்கள். அதற்கான குழாயும் ஒயரும் நீட்டும் வழி தெரிந்த மெக்கானிக்குகள் உண்டு. முதல் வேலை அதுவல்ல, வடிகாலைச் சுத்தம் செய்வதுதான்.

அதை நீங்களே செய்யலாம். எல்லாத் துணிக்கூரைக் காருக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். மழையில்லாத நாளில் எஞ்சினை ஓடவிட்டுக் கூரையைப் பாதி திறந்து நிறுத்துங்கள். பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் பாதியிலேயே நின்றுவிடும் என்பதால்தான் எஞ்சின் ஓட வேண்டும். நின்ற பிறகு சாவியை எடுத்துவிட்டு, சட்டத்துக்கு ஒரு கட்டைத் தாங்கல் கொடுங்கள். ஹைட்ராலிக் அழுத்தம் சில நிமிடத்தில் தளர்ந்து கூரை தானாகக் கீழே இறங்கும். கை இடுக்கில் இருந்தால் விரல் போய்விடும். உங்கள் வண்டியில் மோட்டாரே ஓடவில்லை, ஆகவே கையால் இறக்கும் வழியை மேனுவலில் பார்த்து, இரண்டு பேராகச் செய்யுங்கள்.

இரண்டு பக்க மூலையிலும் வாய்க்கால் தெரியும். அதிலுள்ள இலை, மண் எல்லாவற்றையும் கையாலும் சின்ன வேக்குவம் கிளீனராலும் எடுங்கள். எதையும் உள்ளே தள்ளாதீர்கள். பிறகு புல் வெட்டும் மெஷினில் போடும் 2 மி.மீ. நைலான் இழை ஒரு மீட்டர் வாங்கி, நுனியை லைட்டரில் லேசாகச் சூடு காட்டி உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். ஓட்டையில் விட்டு, சுழற்றிச் சுழற்றி மெதுவாக இறக்குங்கள். கட்டுக்கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ளே உள்ள ரப்பர் குழாயைக் குத்திக் கிழித்துவிடும். கம்ப்ரசர் காற்றை மேலிருந்து அடிப்பதும் ஆபத்து. குழாய் மூட்டிலிருந்து கழன்றுகொண்டால், அன்று முதல் மழைநீர் நேராகக் கார்ப்பெட்டுக்குத்தான். இழை போய்வந்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் அரை லிட்டர் தண்ணீரை நிதானமாக ஊற்றுங்கள். சில விநாடியில் காருக்கு அடியில், பின் சக்கரத்தின் அருகில் வழிய வேண்டும். முதலில் கறுப்பாக வரும், பிறகு தெளியும். மேலே தேங்கி நின்றால் உடனே நிறுத்தி மறுபடியும் இழையை விடுங்கள்.

வருடத்தில் மூன்று முறை இதைச் செய்தால் போதும். ஏப்ரல் முதல் வாரம், கோடை மழைக்கு முன் ஒன்று. ஆகஸ்டில் ஒன்று, ஏனென்றால் இங்கே பலத்த மழை செப்டம்பர், அக்டோபரில்தான். நவம்பர் கடைசியில் ஒன்று. தெருவில் மயில்கொன்றையோ இயல்வாகையோ இருந்தால் மே மாத இறுதியில் இன்னொரு முறை பாருங்கள். அந்த இதழ்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பான் மாதிரி உட்கார்ந்துவிடும்.

நனைந்த கார்ப்பெட்டை வெயிலில் கதவைத் திறந்து வைத்துக் காயவைப்பதால் பயனில்லை. மேலே காயும், அடியில் உள்ள ஃபோம் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, ஃபோமைப் பிழிந்து ஃபேனில் காயவிட வேண்டும். சீட்டுக்கு அடியில் எலக்ட்ரானிக் பெட்டிகள் இருக்கும் கார்களில் பேட்டரி ஒயரைக் கழற்றாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் சாவியை அடையாளம் காணும் பெட்டியே சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது நனைந்து கார் ஸ்டார்ட் ஆகாமல் போனால், செலவு கூரையைவிட அதிகமாகிவிடும்.

கேள்வி: கார் கழுவ வரும் தம்பி தினமும் துணிக்கூரையையும் ஈரத் துணியால் துடைக்கிறார். சரிதானா?
– வாசகர், ஃபிரேசர் டவுன்

பதில்: உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதே வாளித் தண்ணீரில் நான்கு காரைத் துடைத்த துணியில் மணல் இருக்கும். அதை நெசவுக்குள் தேய்த்துத் தேய்த்து ஏற்றினால் துணி வெளுத்து நூல் அறும். தினசரி வேலைக்கு மென்மையான பிரஷ் போதும், நெசவு ஓடும் திசையில் தூசி தட்டினால் சரி. மாதம் ஒரு முறை நிழலில் வைத்து நிறைய தண்ணீர் ஊற்றி, துணிக்கூரைக்கென்று விற்கும் மிதமான ஷாம்பூவால் பிரஷ் போட்டு, நுரை சுத்தமாகப் போகும் வரை அலசட்டும். பிரஷர் வாஷ் துப்பாக்கியை அருகில் கொண்டு போகக் கூடாது, தையல் விட்டுப்போகும்.

குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் அறிவித்ததிலிருந்து பலரும் போர்வெல் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். அதில் உப்பு அதிகம், கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டுகள் விழும். சேமித்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதை வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நன்றாகக் காய்ந்த துணிமேல், தண்ணீர் ஒட்டாமல் காக்கும் ஸ்பிரேயை இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். கண்ணாடியையும் பெயிண்டையும் முதலில் மூடிவிடுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் ஊறத் தொடங்கினால் ஆறு மாதம் ஆகாவிட்டாலும் மறுபூச்சுக்கு நேரமாகிவிட்டது. ஈரத்தோடு கூரையை மடித்து வைப்பது மட்டும் எக்காலத்திலும் கூடாது. வேறு வழியில்லாமல் மடித்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் திறந்து விரித்துக் காயவையுங்கள்.

கேள்வி: துணிக்கூரையே வேண்டாம், மடங்கும் உலோகக் கூரை கொண்ட பழைய பி.எம்.டபிள்யூ இசட்4 இ89 அல்லது மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. எடுத்தால் இரண்டின் நன்மையும் கிடைக்குமல்லவா?
– வாசகர், ஜே.பி. நகர்

பதில்: மூடியிருக்கும்போது கூபே மாதிரி இருக்கும், உண்மை. கத்தியால் கிழிக்க முடியாது, சத்தம் குறைவு, வெயில் தாங்கும். 1996-ல் எஸ்.எல்.கே. வந்தபோது இந்த வசதிக்காகவே பேசப்பட்டது. விலை கொடுப்பது வேறு இடத்தில். இ89-ன் டிக்கி மூடிய நிலையில் 310 லிட்டர், திறந்தால் 180. டிக்கியில் இழுத்து மாட்டும் தடுப்புத் திரை சரியாக மாட்டப்படாவிட்டால் கூரை அசையவே அசையாது. கூரை ஓடவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஹைட்ராலிக் சிலிண்டர், பூட்டு, சென்சார் என்று பாகங்களும் அதிகம். ஒரு சென்சார் பொய் சொன்னால் மொத்தமும் நடுவழியில் நிற்கும்.

கம்பெனிகளே துணிக்குத் திரும்பிவிட்டன. 2018-ல் வந்த இசட்4 ஜி29-ல் துணிக்கூரைதான். 10 விநாடியில், 50 கி.மீ. வேகம் வரை இயங்கும், டிக்கி எப்போதும் 281 லிட்டர். 2021-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல்.-லும் உலோகத்தை விட்டுத் துணிக்கு வந்து, கூரையில் மட்டும் 21 கிலோ குறைந்தது. மேலே இருக்கும் எடை குறைந்தால் வளைவில் கார் சாய்வதும் குறையும்.

திறந்த வெளியில் நிறுத்த வேண்டிய கட்டாயமும் திறக்கும் கூரை ஆசையும் ஒன்றாக இருந்தால் மட்டும் உலோகக் கூரை நல்ல சமரசம். வாங்கும் முன் கூரையைக் காலைக் குளிரில் ஒரு முறை, வண்டி வெயிலில் நின்ற பிறகு ஒரு முறை, உடனே தொடர்ந்து இன்னொரு முறை இயக்கிப் பாருங்கள். தளர்ந்த சிலிண்டர் சூட்டில்தான் திணறும். பிறகு கூரையை மூடி, பைப்பில் அழுத்தமில்லாமல் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, முன்கண்ணாடியின் மேல் மூலைகளிலும் டிக்கியின் பக்கக் குழிகளிலும் கையை விட்டுத் தடவுங்கள். கை சொல்லும் ஈரத்தை விற்பவர் மறைக்க முடியாது.

கேள்வி: பழைய ஹோண்டா சிட்டி ஒன்று சும்மா நிற்கிறது. ஒரு கேரேஜில் கூரையை வெட்டி கன்வர்டிபிள் ஆக்கித் தருகிறேன் என்கிறார்கள். செலவும் குறைவு. செய்யலாமா?
– வாசகர், சிவாஜிநகர்

பதில்: செய்யாதீர்கள். அந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். கூரையை வெட்டிய அன்றே நடுவில் தொய்ந்துவிடும். ஜாக்கி வைத்தால் கதவு திறக்காது, திறந்தால் மூடாது. முன்கண்ணாடி தானாக விரிசல் விடும். சீட் பெல்ட்டின் மேல் பிடி இருக்கும் தூணே பலமிழந்து போகும். வண்டி உருண்டால் தலையைக் காக்க ஒன்றுமே மிச்சமிருக்காது. கம்பெனி கன்வர்டிபிளில் முன்கண்ணாடிச் சட்டத்துக்குள் உறுதியான எஃகு இருக்கும், சீட்டுக்குப் பின்னால் வளையமோ விபத்தில் தானாக எழும்பும் தடியோ இருக்கும். கேரேஜில் ஒட்டும் இரண்டு பைப் அதற்கு ஈடாகாது.

சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வழி இருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். அந்தப் பணத்தில் சிட்டியின் சஸ்பென்ஷனைப் புதுப்பித்து ஓட்டுங்கள், அருமையான வண்டி.

கேள்வி: ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுவது கூபேக்கும் கன்வர்டிபிளுக்கும் ஒன்றுதானே?
– வாசகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்

பதில்: தட்டுவது ஒன்றுதான், சேதம் ஒன்றல்ல. பல கன்வர்டிபிள்களில் விறைப்புக்காக அடியில் குறுக்குத் தகடுகளும் சட்டங்களும் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். அவை தட்டித் தட்டி வளைந்தாலோ போல்ட் தலை தேய்ந்தாலோ பாடி தளர்ந்து, கதவோரத்தில் கிரீச் சத்தம் வர ஆரம்பிக்கும். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் எந்த ஸ்போர்ட்ஸ் காரும் மெதுவாக ஏறி இறங்கும். நம் தெருக்களில் அதே உயரத்தை ஒரு முழ அகலத்தில் கொட்டி வைக்கிறார்கள், அதனால்தான் தட்டுகிறது. குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றுங்கள். இருவர் உட்கார்ந்து, டேங்க் நிரம்பிய நிலையில் உங்கள் பேஸ்மென்ட் சரிவில் டெஸ்ட் டிரைவ் வண்டியை இறக்கி ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அதே டெஸ்ட் டிரைவில் ஒன்று செய்யுங்கள். கூரையைத் திறந்து, 10 கி.மீ. வேகத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி, உள்கண்ணாடியையும் முன்கண்ணாடித் தூணையும் கவனியுங்கள். கண்ணாடி படபடவென்று ஆடினால் பாடி முறுக்குகிறது. கூரையை மூடிக்கொண்டு அதே மேட்டில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அடிச்சட்டங்களின் போல்ட்டுகளைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: துணிக்கூரை கிழிந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகி, கோரமங்களா

பதில்: விபத்தோ திருட்டு முயற்சியோ மரம் விழுந்ததோ காரணமென்றால் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கிடைக்கும். வெயிலில் நைந்து போனால் கிடைக்காது. சாதாரண பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி தொகை கழித்துக்கொள்வார்கள். துணிக்கூரையை எந்த வகையில் சேர்ப்பார்கள் என்று பாலிசி எடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாதுகாப்பு) சேர்ப்பது அவசியம், ஏனெனில் கம்பெனிக் கூரை மாற்றுவது லட்சங்களில் போகும் செலவு. காருக்குள் வைத்த லேப்டாப்புக்கு இந்தப் பாலிசி பொறுப்பல்ல. துணிக்கூரைக் காரில் எதையும் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். பையைத் திருட வருகிறவன் முதலில் கூரையைத்தான் கிழிப்பான்.

கேள்வி: புதுச்சேரி நம்பரில் உள்ள பழைய ஜாகுவார் எஃப்-டைப் கன்வர்டிபிள், இங்கே உள்ள கூபேயைவிட மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?
– வாசகர், இந்திராநகர்

பதில்: மலிவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குக் கர்நாடகத்தில் ஆயுள் வரி 18 சதவீதம், அதன் மேல் செஸ். புதுச்சேரியில் வரி மிகக் குறைவு. அந்த வித்தியாசம்தான் விலையில் தெரிகிறது. வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே மறுபதிவு செய்தே ஆக வேண்டும். அப்போது வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்த ஆயுள் வரியைக் கட்டுவது நீங்கள்தான். வெளி மாநில நம்பரில் ஓடும் சொகுசுக் கார்களைப் போக்குவரத்துத் துறை பிடித்து, வரி கட்டிய பிறகே விட்ட நடவடிக்கைகள் 2025-ல் இந்த ஊரிலேயே நடந்தன.

ஆகவே பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் கடிதமும் வேண்டும். இங்கே கட்ட வேண்டிய வரியை ஆர்.டி.ஓ.வில் கணக்குப் போட்டு வாங்கி, அதை விலையோடு கூட்டி, பிறகு கூபேயின் விலையோடு ஒப்பிடுங்கள். எஃப்-டைப் தயாரிப்பு 2024-ல் நின்றுவிட்டது. இந்த கன்வர்டிபிளின் கூரைக்குத் தேவையான ரப்பர் பீடிங், சிலிண்டர், பின்கண்ணாடி எல்லாவற்றுக்கும் எவ்வளவு நாளில், என்ன விலையில் கிடைக்கும் என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூபேயில் அந்தப் பட்டியலே தேவைப்படாது. கடற்கரை ஊரில் நின்ற வண்டி என்பதால் கூரைச் சட்டத்தின் மூட்டுகளிலும், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளிலும், டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலும் உப்புத் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.